ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் ஸ்போர்ட்ஸ் கார்ல வர்ற வாசனை: எது சகஜம், எதுக்கு பயப்படணும்?

தம்பி ஒருத்தர் கேட்டிருக்கறது இதுதான். எட்டு மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்காரு, எஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கற டைப். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஈசிஆர்ல மகாபலிபுரம் வரைக்கும் நல்லா மிதிச்சு ஓட்டிட்டு வந்து அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல நிறுத்தினா கருகின மாதிரி ஒரு வாசனை வருதாம், வீட்டுல "ஏங்க, என்னமோ எரியற நாத்தம் வருது"ன்னு சொல்றாங்களாம், பக்கத்து பார்க்கிங்காரர் வாட்ச்மேன்கிட்ட புகார் சொல்லிட்டாராம், சர்வீஸ்ல கேட்டா "இந்த மாதிரி கார்னா அப்படித்தான் சார்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்களாம். கடைசில ஒண்ணு எழுதியிருந்தாரு, "உண்மையச் சொன்னா எனக்கு அந்த வாசனை பிடிச்சிருக்கு, அதே நேரம் வயித்தக் கலக்குது, நான் ஏமாந்துட்டேனா?"ன்னு. அந்த வரியப் படிச்சதுக்கப்புறம்தான் உக்காந்து முழுசா எழுதணும்னு தோணுச்சு.

நான் கோயம்புத்தூர்ல 22 வருஷமா எஞ்சின் வேலை பாக்கறேன், அதுல பாதிக்கு மேல ரேஸ் காரும் இந்த மாதிரி வேகமான காரும்தான். இங்க செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்லயும், சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை டிராக்லயும் பிட்ல (ரேஸ் நடுவுல கார் வேலை பாக்கற இடம்) நின்னு எத்தனையோ நாள் போயிருக்கு. அதனால முதல்லயே சொல்லிடறேன் தம்பி, நீங்க ஏமாந்துட்டீங்கன்னு வாசனைய மட்டும் வச்சு யாராலயும் சொல்ல முடியாது. வேகமா ஓட்டற கார் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசனை இருக்கும். உங்க கார் நல்லா இருக்கறப்ப எப்படி வாசம் அடிக்கும்னு உங்க மூக்குக்குப் பழகிடுச்சுன்னா, அது என்னைக்கு மாறுதோ அன்னைக்கு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. வாசனை மாறினா பயப்படுங்க, புதுசா ஒண்ணு சேர்ந்தா பயப்படுங்க. எட்டு மாசமா ஒரே மாதிரி, ஒரே அளவுல, நிறுத்தின பத்து இருபது நிமிஷத்துல அடங்கிடுதுன்னா அதுக்குக் கொஞ்சம் பொறுமையா காரணம் தேடலாம். அதுக்காகத் தேடாம விட்டுடலாம்னு அர்த்தம் இல்ல.

ஓட்டறப்ப வராம நிறுத்தினதுக்கப்புறம் ஏன் வருதுன்னு பலபேர் குழம்பறாங்க. கார் 100ல போறப்ப எஞ்சின் ரூமுக்குள்ள காத்து பிச்சுக்கிட்டுப் போகும், எஞ்சின ஆத்தற கூலன்ட் தண்ணி ஓடிட்டே இருக்கும், ஆயில் ஓடிட்டே இருக்கும், சூடு எல்லாம் வெளிய போயிட்டே இருக்கும். நீங்க சாவிய அணைச்ச அடுத்த நிமிஷம் அது எல்லாம் நின்னு போயிடுது, ஆனா மேனிஃபோல்டுலயும் (எஞ்சின்ல இருந்து புகை வெளிய வர்ற முதல் பைப்) கேட்டலிடிக் கன்வெர்ட்டர்லயும் (அந்தப் புகையச் சுத்தம் பண்ற டப்பா) இருக்கற சூடு அப்படியேதான் இருக்கு, அதுக்கு வெளிய போக வழி இல்லாததால சுத்தி இருக்கற பிளாஸ்டிக், ரப்பர், ஹோஸ், கவர் எல்லாத்துலயும் ஏறும். நிறுத்தின முதல் அஞ்சு பத்து நிமிஷம் எஞ்சின் ரூம் ஓட்டினப்ப இருந்தத விட சூடா இருக்கும். அதனாலதான் கார் ஆஃப் பண்ணதுக்கப்புறமும் ஃபேன் மட்டும் தனியா ஓடிட்டு இருக்கு பாருங்க. முன்னாடி எஞ்சின் இருக்கற சாதாரண கார்ல பானெட்டுக்கு அடியில நிறைய இடம், சூடு மெதுவா கலைஞ்சுடும். உங்க கார்ல எஞ்சின் முதுகுக்குப் பின்னாடி ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு வச்ச மாதிரி இருக்கு, சூடு மேல இருக்கற ஜன்னல் வழியா, சைடுல இருக்கற வெண்ட் வழியாதான் எழும்பணும், நீங்க இறங்கி கதவைச் சாத்தறப்ப சரியா உங்க மூஞ்சிக்கு நேரா வரும். அதுலயும் பேஸ்மென்ட்ல காத்தே இல்ல. இதே கார வெட்டவெளில நிறுத்தினா பாதிதான் தெரியும்.

சில வாசனை வந்துட்டு தானாவே போயிடும், அதுக்காக தூக்கத்தக் கெடுத்துக்காதீங்க. புது சைலன்சர், புது மேனிஃபோல்டு, எக்ஸாஸ்ட்ல சுத்தற துணி டேப்பு, இதெல்லாம் முதல் சில நாள் கருகின வாசம் அடிக்கும், புகை கூட லேசா வரும். போர்ஷே மாதிரி சில கம்பெனி துரு பிடிக்காம இருக்க அடியில மெழுகு மாதிரி ஒண்ணு பூசி அனுப்பறாங்க, அது எக்ஸாஸ்ட் பக்கத்துல இருந்தா சூட்டுல உருகி மெழுகுவத்தி அணைச்ச மாதிரி வாசம் வரும். புது பிரேக் பேட் மாட்டினா அதுக்குள்ள இருக்கற பிசின் முதல் தடவ நல்லா சூடாகறப்ப வெளிய வரும், அது ரொம்ப காரமான நாத்தம், மூக்குல ஏறும், பேட பதப்படுத்தற அந்த முதல் ஓட்டத்தோட போயிடணும். சூடான டயர் வாசம் டிராக்குக்குப் போனவங்க எல்லாருக்கும் தெரியும், சாஃப்ட் டயர்ல இருந்து பிஞ்ச ரப்பர் துண்டு வீல் ஆர்ச்சுக்குள்ள ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தும் மணக்கும்.

நம்ம ரோட்டுக்குன்னே ஒண்ணு இருக்கு. ஒரு தடவ ஒருத்தர் பதறிப்போய் போன் பண்ணாரு, கார் எரியுதுங்க, பிளாஸ்டிக் நாத்தம், ஒயரிங் போயிடுச்சு போல, ரோட்டோரம் நிறுத்திட்டேன்னு. கார ரெக்கவரி வண்டில ஏத்திட்டு வந்து லிஃப்ட்ல தூக்கிப் பாத்தா, எக்ஸாஸ்ட் பைப்போட வளைவுல ஒரு மளிகைக்கடை கேரி பேக் உருகி கருப்பா தோல் மாதிரி ஒட்டியிருக்கு, அதுல பாதி எழுத்து கூட படிக்க முடிஞ்சது. சூடா இருக்கறப்பவே மரக்குச்சியால சுரண்டி எடுத்தேன், மிச்சம் ரெண்டு நாள் ஓட்டத்துல எரிஞ்சு போச்சு. அவர் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தாரு, கை நடுங்கிட்டு இருந்துச்சு. நான் அவர தப்பா நினைக்கல. வாழ்நாள் சம்பாத்தியத்துல வாங்கின வண்டிங்க அது. இந்த மாதிரி கார் எல்லாம் தரையோட தரையா போறதால ரோட்டுல கிடக்கறத அள்ளிக்கும், காஞ்ச புல்லு, வைக்கோல் கூட மாட்டும், அதுவும் ரொம்ப நாள் ஓட்டாம நிறுத்தி வச்ச கார்ல எலி கூடு கட்டியிருந்தா அந்த குப்பை மேனிஃபோல்டு மேலயே கிடக்கும், அது நிஜமாவே தீப்பிடிக்கும். நிறுத்தி வச்ச கார எடுக்கறதுக்கு முன்னாடி எஞ்சின் மூடியத் திறந்து ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாருங்க.

இப்ப ஆயிலுக்கு வர்றேன், நீங்க சொல்றத வச்சுப் பாத்தா எனக்கு முதல் சந்தேகம் இதுலதான். ஆயில் கருகற வாசம் எப்படி இருக்கும்னா, அடுப்புல வச்ச வடச்சட்டிய மறந்துட்டு வந்து பாக்கறப்ப அடிக்குமே, பழைய எண்ணெய் புகையற அந்த கனமான வாசம், தொண்டைல ஒட்டும். வால்வ் கவர் கேஸ்கெட், அதாவது எஞ்சினோட மேல் மூடிக்கு அடியில ஆயில் கசியாம இருக்க வைக்கற ரப்பர், பழசாகி இறுகிப் போயிடும், அதுல இருந்து ஆயில் கசியும், ஓட்டறப்ப காத்துல அடிச்சுட்டுப் போயிடும், நிறுத்தினதும் ஒரு சொட்டு இறங்கி நேரா மேனிஃபோல்டு மேல விழும். எஞ்சின் ஆயில் 200 டிகிரிய கொஞ்சம் தாண்டினாலே பத்திக்கற அளவுக்கு ஆவி விட ஆரம்பிக்கும், நல்லா மிதிச்சு ஓட்டிட்டு வந்த மேனிஃபோல்டு அதப்போல ரெண்டு மூணு மடங்கு சூட்டுல இருக்கும், டர்போ வண்டின்னா டர்போக்குள்ள போற எக்ஸாஸ்ட் புகையோட சூடே 900 டிகிரியத் தாண்டும். அதனால ஒரு சொட்டு போதும், பேஸ்மென்ட் முழுக்க மணக்கும். நல்ல விஷயம் என்னன்னா ஒரு சொட்டுக்கும் ஒரு ஒழுக்குக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, சொட்டு வாசமா வரும், ஒழுக்கு கண்ணுக்குத் தெரியற புகையா வரும். புகை தெரிஞ்சா அன்னைக்கே கார ஓட்டறத நிறுத்துங்க.

உங்க எஞ்சின் ஃப்ளாட் டைப்பா இருந்தா, அதாவது சிலிண்டர் எல்லாம் படுத்த மாதிரி ரெண்டு பக்கமும் இருக்கற டைப், காலைல ஸ்டார்ட் பண்றப்ப நீலமா கொஞ்சம் புகை குப்புன்னு வந்து ஆயில் வாசம் அடிச்சுட்டுப் போயிடும். சிலிண்டர் படுத்திருக்கறதால ராத்திரி முழுக்க ஆயில் கொஞ்சம் உள்ள தங்கிடும், சாய்வான இடத்துல நிறுத்தியிருந்தா இன்னும் கொஞ்சம் அதிகம். சில நொடில நின்னுடுச்சுன்னா அது அந்த எஞ்சினோட பிறவி குணம். நிக்காம வந்தா வேற கதை, அதுக்கு முன்னாடி ஆயில் அளவப் பாருங்க, டிரை சம்ப் கார்ல (ஆயில எஞ்சினுக்கு அடியில வைக்காம தனி டேங்க்ல வைக்கற டைப்) எஞ்சின் சூடா ஓடிட்டு இருக்கறப்ப சமதரைல வச்சுதான் அளவு பாக்கணும், இது தெரியாம ஆறின எஞ்சின்ல குச்சிய விட்டுப் பாத்துட்டு கம்மியா இருக்குன்னு ஒரு லிட்டர் ஊத்திடறாங்க, அது அதிகமாகி காத்து போற பாதைல ஏறி புகையா தள்ளும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 மாதிரி ரோட்டரி எஞ்சின்ல இன்னும் ஒரு படி மேல, அதுல உள்ள இருக்கற சீலுக்கு வழவழப்பு வேணும்னு எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமா ஆயில உள்ள விட்டு எரிக்கற மாதிரிதான் கட்டியிருக்காங்க. அந்தக் கார்ல ஆயில் வாசமும் எரியாத பெட்ரோல் வாசமும் இல்லேன்னாதான் அதோட ஓனர் யோசிப்பாரு.

ஆயில் வாசனையோட வாழறதுன்னா என்னன்னு பழைய போர்ஷே 911 வச்சிருக்கறவங்களக் கேக்கணும். 1998 வரைக்கும் அந்தக் காருக்கு தண்ணி கிடையாது, காத்தும் ஆயிலும்தான் எஞ்சின ஆத்தும். குளிர் நாட்டுல காருக்குள்ள சூடு வேணும்னா எக்ஸாஸ்ட் பைப்ப சுத்தி ஒரு கூடு வச்சு அதுக்குள்ள காத்த விட்டு அந்த சூடான காத்த உள்ள அனுப்புவாங்க. இப்ப எஞ்சின்ல எங்கயாவது ஒரு சொட்டு ஆயில் கசிஞ்சு அந்தக் கூட்டு மேல விழுந்தா என்ன ஆகும், ஹீட்டர் போட்டதும் நேரா ஓட்டறவர் மூக்குக்கு வரும். அங்க அந்த வாசத்த குறைன்னு சொல்றவங்களும் உண்டு, அந்த வாசம் இல்லாம அது என்ன 911னு கேக்கறவங்களும் உண்டு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர், மில் வச்சிருந்தவர், வயசு எழுவதுக்கு மேல, அவர்கிட்ட ஒரு பழைய ஐரோப்பா கார் இருக்கு, கார்புரேட்டர் வண்டி. இப்ப ஓட்டறது மாசத்துக்கு ஒரு தடவதான், முட்டி ஒத்துழைக்கல. ஆனா தினமும் காலைல காபி டம்ளரோட ஷெட்டுக்கு வந்து கதவத் திறந்துட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்திருப்பாரு. ஒரு நாள் நான் போனப்ப என்னையும் உக்கார வச்சாரு. பழைய லெதர், பெட்ரோல், கொஞ்சம் கியர் ஆயில், துணில துடைச்ச கிரீஸ், எல்லாம் சேர்ந்து ஒரு வாசம். "எங்கப்பா ஷெட்டு இப்படித்தாம்ப்பா இருக்கும்"னாரு, வேற ஒண்ணும் சொல்லல. கியர் ஆயில் தனியா மோந்து பாத்தா யாருக்கும் பிடிக்காது, பல் பல்லா அழுத்தற இடத்துல தேய்மானம் வராம இருக்க கந்தகம் கலந்திருப்பாங்க, அழுகின மாதிரி இருக்கும், கைல பட்டா ரெண்டு நாளைக்கு சோப்பு போட்டாலும் போகாது. ஆனா அவரோட ஷெட்டுல அதுவும் ஒரு சுருதியா சேர்ந்திருந்துச்சு.

கிளட்ச் வாசம் வேற ரகம். கருகின நியூஸ் பேப்பர் மாதிரி, கூடவே கொஞ்சம் புளிப்பா. 1997ல ஃபெராரி 355ல வந்த மாதிரி, ஒரே கிளட்ச்ச கம்ப்யூட்டர் அமுக்கி விடற கியர்பாக்ஸ் பழைய சூப்பர் கார்ல நிறைய உண்டு. ரெண்டு பெடல்தான் இருக்கேன்னு ஆட்டோமேட்டிக் மாதிரி டிராஃபிக்ல மெல்ல மெல்ல நகத்துவாங்க, உள்ள கிளட்ச் பாதி புடிச்சு பாதி விட்டு தேஞ்சுட்டே இருக்கும். அதுலயும் மேடான பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுக்கறது கிளட்ச்சுக்கு எமன். ஒரு தடவ நாத்தம் வந்துச்சுன்னா நிறுத்தி நியூட்ரல்ல விட்டு ஆற விடுங்க, போயிடும். திரும்பத் திரும்ப வந்தா பிளேட்டு மேல கண்ணாடி மாதிரி பூச்சு படிஞ்சு அப்புறம் சறுக்க ஆரம்பிச்சுடும், அது லட்சக்கணக்குல செலவு வைக்கற வேலை. ரெண்டு கிளட்ச் கியர்பாக்ஸ்ல இந்தத் தொல்லை குறைவு, ஆனா அதுலயும் பிரேக்க விட்டு விட்டு ஊர்ந்தீங்கன்னா சூடாகும்.

பிரேக் வாசம்னா எனக்கு கொல்லிமலை ஞாபகம் வரும், 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கறப்ப கியர் குறைக்காம பிரேக்லயே வந்தீங்கன்னா பாதி வழில அந்த காரமான வாசம் வரும். அது மூக்குக்கு வந்துட்டா பிரேக் ஆயில் கொதிக்கறதுக்கு முன்னாடி கிடைச்ச எச்சரிக்கைன்னு எடுத்துக்கங்க. டாட் 4ங்கற தரத்து பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் தாங்கணும், ஈரம் உறிஞ்சின பழசு 155 தாங்கினா போதும்னு கணக்கு, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி பாருங்க, அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவயாவது மாத்திடுங்க, டிராக்குக்குப் போறவர்னா வருஷா வருஷம். வாசம் வந்ததும் அகலமான இடத்துல ஓரமா நிறுத்தி ஆற விடுங்க, தண்ணிய மட்டும் ஊத்திடாதீங்க, டிஸ்க் வளைஞ்சு விரிசல் விட்டுடும். ஒரே ஒரு சக்கரத்துல மட்டும் நாத்தம் வந்தா பேட டிஸ்க் மேல அழுத்தற காலிப்பர் மாட்டிக்கிட்டு நிக்குது, அது ஓட்டின வேகத்தால வந்தது இல்ல.

அழுகின முட்டை வாசம் முன்ன நிறைய வரும், பெட்ரோல்ல இருந்த கந்தகம் கன்வெர்ட்டருக்குள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடா மாறிதான் அது வரும். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 புகை விதிக்கான பெட்ரோல் வந்ததுக்கப்புறம் கந்தக அளவு 50 பிபிஎம்ல (பத்து லட்சத்துல 50 பங்கு) இருந்து 10க்கு இறங்கிடுச்சு, அதனால இப்ப உங்க கார்ல அந்த வாசம் தொடர்ந்து வந்தா எஞ்சினுக்குள்ள பெட்ரோல் அளவுக்கு அதிகமா போகுதா, கன்வெர்ட்டர் போயிடுச்சான்னு பாக்கணும். இன்னொண்ணு பலபேர் கோட்டை விடறது, இதே வாசம் பேட்டரி அதிகமா சார்ஜ் ஆனாலும் வரும். இந்த மாதிரி கார வாரக்கணக்குல நிறுத்தி சார்ஜர மாட்டி வச்சிருப்பாங்க, பேட்டரி முன்னாடி டிக்கில இருக்கும், எல்லாரும் பின்னாடி எக்ஸாஸ்டையே மோந்துட்டு இருப்பாங்க. பேட்டரி கை வைக்க முடியாத சூட்டுல இருந்தா சார்ஜர பிளக் பாயிண்ட்ல கழட்டிட்டு தள்ளி நில்லுங்க.

இனிப்பா பாகு காய்ச்சற மாதிரி வாசம் வந்தா கூலன்ட். உங்க காரு மாதிரி எஞ்சின் பின்னாடி இருந்து ரேடியேட்டர் முன்னாடி இருக்கற வண்டில பைப் அடியில நீளத்துக்கும் ஓடும், அதனால எங்க கசியுதுன்னு மூக்க மட்டும் நம்பாம பிரஷர் டெஸ்ட் பண்ணிப் பாக்கச் சொல்லுங்க. வீட்டுல நாய் இருந்தா தரையில சொட்டினத உடனே கழுவுங்க, அந்த இனிப்புக்கு நக்கிடும், கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைகால் நாய்க்கு விஷம்.

பெட்ரோல் வாசனைக்கு மட்டும் நான் யாருக்கும் சமாதானம் சொல்ல மாட்டேன். மத்த எல்லாத்துக்கும் பாக்கலாம், பொறுக்கலாம்னு சொல்றவன், இதுல மாட்டேன். பெட்ரோல் உறைகுளிர்லயே பத்திக்கற ஆவி விடற சாமான், நம்ம ஊரு வெயில்ல கேக்கவே வேணாம். அதோட ஆவி காத்த விட கனம், மேல எழும்பிப் போகாது, தரையோட படியும், பேஸ்மென்ட்ல போய் தேங்கும். காத்துல நூத்துக்கு ஒண்ணரை பங்கு கலந்தாலே ஒரு பொறிக்கு போதும். கார்புரேட்டர் காலத்து கார்ல ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் சூட்டுல பெட்ரோல் ஆவியாகி கொஞ்சம் வாசம் வரும், அது அந்தக் காலத்து அமைப்பு. இன்ஜெக்‌ஷன் வண்டில ஆவியப் புடிச்சு வைக்க கரி டப்பாவே இருக்கு, அதுல பச்சை பெட்ரோல் வாசம் வரவே கூடாது. பழைய கார்ல இப்ப வர்ற இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஏத்த ரப்பர் ஹோஸ் இல்லேன்னா ஹோஸ் ஊறி வெடிப்பு விடும், பத்து பதினஞ்சு வருஷ வண்டின்னா எல்லா ஃபியூயல் ஹோஸையும் கிளாம்ப்போட சேர்த்து மாத்திடுங்க, காசு பாக்காதீங்க.

விலை கூடின கார்னா இதெல்லாம் வராதுன்னு நினைக்காதீங்க. 2010ல ஃபெராரி 458 இட்டாலியா கார்கள கம்பெனியே திருப்பிக் கூப்பிட்டாங்க, வீல் ஆர்ச்சுக்குள்ள வெப்பத் தடுப்ப ஒட்டியிருந்த பசை சூட்டுல புகைஞ்சு தீப்பிடிக்குதுன்னு, பசைக்குப் பதிலா உலோகத்துல பிடிப்பு போட்டுக் குடுத்தாங்க. 2017ல லம்போர்கினி அவென்டடார், அதுல பெட்ரோல் ஆவியப் புடிக்கற சிஸ்டத்துல குறை, டேங்க் நிறைய இருக்கறப்ப நின்ன இடத்துலயே ரெவ் பண்ணா ஆவி சூடான எக்ஸாஸ்ட்டத் தொட்டு பத்திக்கும் அபாயம். நம்ம ஊர்ல கல்யாண மண்டபத்து வாசல்ல, பெட்ரோல் பங்க்ல, பசங்க கேக்கறாங்கன்னு நிறுத்தி வச்சே ரெவ் பண்ணிக் காட்டறோம் இல்லீங்களா, தயவுசெஞ்சு விட்டுடுங்க.

சத்தத்துக்காக கன்வெர்ட்டரக் கழட்டிட்டு வெறும் பைப் போடறாங்க, அது சட்டப்படி தப்புங்கறது ஒரு பக்கம், அதோட முதல் பலன் என்ன தெரியுமா, எரியாத பெட்ரோல் வாசம் துணில ஏறிடும். பின்னாடி உருவாகற காத்துச் சுழல் புகைய திரும்ப காருக்குள்ளயே இழுக்கும், திறந்த மேல்கூரைன்னா இன்னும் மோசம். வீட்டுக்கு வந்ததும் சட்டைய மாத்துங்கன்னு வீட்டம்மா சொல்றாங்கன்னு அந்த ஓனருங்க சிரிச்சுட்டே சொல்லுவாங்க, ஆனா அந்தப் புகைல கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவும் இருக்கு, அதுக்கு வாசமே கிடையாது. உள்ள புகை வாசம் வர்ற இடத்துல அதுவும் வருதுன்னுதான் வச்சுக்கணும். ஓட்டிட்டு வந்தா தலைவலிக்குது, தூக்கம் வருதுன்னா அத வயசு மேல பழி போடாதீங்க, எக்ஸாஸ்ட் ஜாயிண்ட்டப் பாருங்க.

வீட்டுல சொல்றத நம்புங்க தம்பி, இத நான் அழுத்திச் சொல்றேன். ஒரே வாசத்துல கொஞ்ச நேரம் இருந்தா மூக்கு அத விட்டுடும், நீங்க ஒரு மணி நேரம் உள்ளயே இருந்துட்டு இறங்கறீங்க, உங்களுக்கு பாதி தெரியாது. வீட்டுக்காரம்மா மேல இருந்து புதுசா இறங்கி வர்றாங்க, அவங்க மூக்குதான் சரியான மீட்டர். பொண்டாட்டி குறை சொல்றா, பக்கத்து வீட்டுக்காரருக்கு பொறாமைன்னு எடுத்துக்கிட்டு கசிவ வளர விட்டவங்கள பாத்திருக்கேன், எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும். போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் வாசம் கூடியிருக்கான்னு அவங்களையே கேளுங்க.

இப்ப நீங்க மனசுல வச்சிருக்கற அந்த இன்னொரு கேள்வி, அந்த வாசம் பிடிச்சிருக்கறது தப்பான்னு. தப்பே இல்ல. வாசனை போற நரம்பு மூளைல ஞாபகமும் உணர்ச்சியும் இருக்கற இடத்துக்குப் பக்கத்துலயே போய்ச் சேருது, அதனாலதான் ஒரு வாசம் இருவது வருஷத்த ஒரு மூச்சுல கொண்டு வந்துடும். எனக்கு ஒம்போது வயசு இருக்கறப்ப எங்க மாமா என்னை சோழவரத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு, அந்தக் காலத்துல பழைய விமான ஓடுதளத்துலதான் ரேஸ். வெயில், புழுதி, கூட்டம், எதுவும் சரியா ஞாபகம் இல்ல, டூ ஸ்ட்ரோக் பைக் வரிசையா கிளம்பினப்ப வந்த நீலப் புகை மட்டும் இன்னைக்கும் மூக்குல இருக்கு. அதுல ஒரு வாசம் எனக்கு ஏற்கனவே தெரியும், எங்க பாட்டி தலைல தேய்க்கற விளக்கெண்ணெய், எங்க ஊர்ல கொட்டமுத்து எண்ணெய்னு சொல்லுவோம். எனக்கு நம்பவே முடியல, மாமாகிட்ட கேட்டா ஆமாடா, ரேஸ் ஆயில்ல அதுதான் இருக்குன்னாரு. நிஜந்தான், முதல் உலகப்போர் விமான எஞ்சின்ல இருந்தே அதப் போட்டிருக்காங்க, பெட்ரோல்ல லேசுல கரையாது, அதிக சூட்டுலயும் படலம் லேசுல அறுந்து போகாது. 1909ல வந்த காஸ்ட்ரால்ங்கற பேரே ஆமணக்குக்கு இங்கிலீஷ்ல சொல்ற பேர்ல இருந்து வந்ததுதான். இங்கிலாந்துல பழைய ரேஸ் ரசிகர்கள் அந்த கருகின ஆமணக்கு வாசத்துக்காகவே டிராக்குக்குப் போவாங்க. இன்னைக்கும் கார்ட் ரேஸ்ல (சின்ன திறந்த ரேஸ் வண்டி) சில ஆயில்ல அது இருக்கு, செட்டிப்பாளையத்துல சின்னப் பசங்க ஓட்டறப்ப காத்து இந்தப் பக்கம் திரும்பினா நான் கைல இருக்கற வேலைய அப்படியே நிறுத்திடுவேன்.

இது நமக்கு மட்டும் இருக்கற பைத்தியம் இல்ல. 2021ல ஃபோர்டு கம்பெனி ஐரோப்பால ஓட்டறவங்கள கேட்டிருக்காங்க, எலக்ட்ரிக் காருக்கு மாறினா எத இழப்பீங்கன்னு, அஞ்சுல ஒருத்தர் பெட்ரோல் வாசனையத்தான் அதிகமா தேடுவேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்காக அவங்க முஸ்டாங் மாக்-ஈ எலக்ட்ரிக் கார்க்குன்னு ஒரு சென்ட்டே தயார் பண்ணி அந்த வருஷம் இங்கிலாந்துல நடக்கற குட்வுட் கார் விழால காட்டினாங்க, கார் உள்பக்க வாசத்துக்கு ஒண்ணு, டயர் வாசத்துக்கு ஒண்ணுன்னு தேடிச் சேர்த்திருந்தாங்க. அதப் படிச்சப்ப எனக்கு கொஞ்சம் தொண்டை அடைச்சுது. போற ஒண்ணுக்கு சென்ட் பாட்டில்ல விடை குடுக்கற மாதிரி இருந்துச்சு. ஆனா ஒண்ணு, பெட்ரோல் வாசத்துல இருக்கற அந்த இனிப்பு பென்சீன்ல இருந்தும் வருது, அது புற்றுநோய் வரவைக்கற சாமான். பிடிச்சிருக்குங்கறதுக்காக பங்க்ல நின்னு இழுத்து மோந்து பாக்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, என் பட்டறைல பசங்களுக்கு கைல பெட்ரோல் ஊத்தி கழுவக்கூடாதுன்னே சொல்லி வச்சிருக்கேன்.

சரி, நீங்க இந்த வாரம் செய்ய வேண்டியது. அடுத்த தடவ ஓட்டிட்டு வர்றப்ப கடைசி நாலஞ்சு கி.மீ. மெதுவா வாங்க, எஞ்சின் ஆறட்டும், டிராக்ல கடைசி ரவுண்ட மெதுவா ஓட்டறதும் இதுக்குத்தான். வந்து பேஸ்மென்ட்ல விடாம முதல்ல வெளிய நிறுத்துங்க, எஞ்சினுக்கு அடியில ஒரு பெரிய அட்டைப்பெட்டிய பிரிச்சு வெள்ளைப் பக்கம் மேல இருக்கற மாதிரி விரிச்சு வைங்க, அட்டை சூடான பைப்பத் தொடாம பாத்துக்கங்க. நீங்க பத்து நிமிஷம் நடந்துட்டு வாங்க, மூக்கு தெளியும். திரும்பி வந்து கார சுத்தி வாங்க, முன்னாடி, நாலு சக்கரம், எஞ்சின் ஜன்னல், எங்க வாசம் அதிகம்னு பாருங்க. ராத்திரி முழுக்க அட்டை அங்கயே கிடக்கட்டும். காலைல எடுத்துப் பாத்து, எந்த இடத்துல சொட்டியிருக்கு, காப்பி நிறமா, சிவப்பா, பச்சையா, ரோஸா, தொட்டா வழவழன்னு இருக்கா, அத ஒரு போட்டோவோட போடுங்க. பழுப்பா வழவழப்பா இருந்தா வால்வ் கவர் பக்கம் போகணும், நிறமா தண்ணி மாதிரி இருந்தா கூலன்ட். அட்டை சுத்தமா இருந்தா கேஸ்கெட்ட மேல இருந்து டார்ச் அடிச்சுப் பாக்கணும், சொட்டு கீழ வர்றதுக்கு முன்னாடியே மேனிஃபோல்டுல எரிஞ்சு போயிருக்கும், அதுக்கு எந்த கவரக் கழட்டணும்னு கார் மாடல் வருஷத்த சொன்னீங்கன்னா எழுதறேன்.